இயக்குநர் வரும் திரையிடலுக்கு அப்பாவை அழைத்துப் போகலாமா?

ஈசூன்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு யோசனை கேட்க வேண்டும், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 74 வயது. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் பாலஸ்டியர் பக்கம் இருந்தார்கள், மலாய்ப் படங்கள் எடுத்த ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவுக்கு நடந்தே போய்விடலாம். பள்ளிக்கூடம் விட்டதும் கேட் பக்கத்தில் நின்று யாருடைய கார் உள்ளே போகிறது என்று பார்ப்பாராம், மலாய் நடிகர் பி. ரம்லியை இரண்டு தடவை பார்த்ததை இன்றைக்கும் நேற்று நடந்த மாதிரி சொல்வார். அம்மா போனதிலிருந்து அவர் வெளியே போவது குறைந்துவிட்டது. காலையில் புளோக்குக்குக் கீழே காப்பிக்கடை, ராத்திரி வசந்தம் டிவி, அவ்வளவுதான்.

போன வருடம் வேலை விஷயமாக மும்பை போயிருந்தேன். அங்கே 2019-ல் திறந்த இந்திய சினிமாவின் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது, குல்ஷன் மஹால் என்ற பழைய பங்களாவிலும் பக்கத்தில் ஒரு புதுக் கட்டடத்திலும். அரை நாள் சுற்றிவிட்டு, பழைய கேமராக்களையும் போஸ்டர்களையும் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் திரும்பக் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அங்கே படம் போடுகிறார்களா?" மிஷினைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்ப்பதில் அவருக்கு ஆசையில்லை, அது ஓடுவதைப் பார்க்க வேண்டும்.

இப்போது இங்கே ஆர்க்கைவ், அதாவது படக் காப்பகத்தின், திரையிடல் இரண்டு வருகிறது. சனிக்கிழமை பிற்பகல் ஐம்பதுகளில் வந்த ஒரு மலாய்ப் படம். மறுநாள் ஞாயிறு, உள்ளூர்த் தமிழ் இயக்குநர் ஒருவரின் குறும்படங்கள், முடிந்ததும் அவரே வந்து பேசுகிறார். அப்பாவின் முட்டிக்கு இரண்டு நாள் அடுத்தடுத்து அலைவது தாங்காது. எதற்கு அழைத்துப் போவது? இன்னொன்று, அவருக்கு மலாய் நன்றாக வரும், ஆங்கிலம் கொஞ்சம்தான். இயக்குநர் பேசும் நேரம் முழுக்க ஆங்கிலத்தில் போய், அவர் நடுவில் சும்மா உட்கார்ந்திருக்கும்படி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.


மேட்டுத்தெரு:

நீங்கள் சொல்வது கேனிங் ரைஸில் இருக்கும் ஓல்டம் தியேட்டர் என்று நினைக்கிறேன். தேசிய ஆவணக் காப்பகக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது, 2019-ல் திறந்தார்கள், நடத்துவது ஏஷியன் ஃபிலிம் ஆர்க்கைவ். அந்த ஆர்க்கைவ் 2005-ல் தனி அமைப்பாகத் தொடங்கி 2014-லிருந்து தேசிய நூலக வாரியத்தின் கீழ் இருக்கிறது. நான் மாதத்துக்கு ஒரு தடவையாவது போகிறவன். 130 பேருக்குச் சற்று மேல் உட்காரும் சின்ன அரங்கம், அதனால் எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் பேசுபவர் முகம் தெரியும்.

முதலில் வழி. நம்மில் பாதிப் பேர் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அதே மேடுதான், அதனால் எம்ஆர்டி ரயிலில் வந்து இறங்கி நடந்தால் கடைசியில் ஏற்றம் இருக்கும். முட்டிவலி உள்ளவரை நடத்திக் கூட்டிப் போகாதீர்கள், டாக்சியை வாசல் வரைக்கும் விடச் சொல்லுங்கள். உள்ளே ஏர்கான் குளிரும், ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும். தாமதமாகப் போகவே கூடாது, விளம்பரம் இருபது நிமிடம் ஓடும் என்று நம்பி மெதுவாகப் போகும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும்.

என் ஓட்டு சனிக்கிழமைக்கு. காரணம் சொல்கிறேன். அந்தக் காலத்து மலாய்ப் படங்களை எடுத்தவர்களில் பெரும் பங்கு இந்தியாவிலிருந்து வந்தவர்கள். பி. எஸ். ராஜ்ஹன்ஸ், பணி மஜும்தார், பி. என். ராவ், எல். கிருஷ்ணன் என்று வரிசையாகச் சொல்லலாம். ரம்லி முதலில் திரையில் வந்தது 1948-ல் ராஜ்ஹன்ஸ் எடுத்த படத்தில், கதாநாயகனாக வந்தது 1950-ல் கிருஷ்ணன் எடுத்த 'பக்தி'யில். பாட்டு வரும் இடம், அம்மா அழும் இடம், வில்லன் சிரிக்கும் இடம் எல்லாம் நமக்குப் பழகின இடத்தில்தான் வரும். பக்கத்தில் இருப்பவர்கள் ஆங்கில சப்டைட்டிலைத் துரத்திக்கொண்டிருக்கும்போது உங்கள் அப்பா மலாயிலேயே கேட்டுச் சிரிப்பார், அந்த அரங்கத்தில் அன்றைக்குப் படம் முழுசாகப் போய்ச் சேரும் சில பேரில் அவர் ஒருவராக இருப்பார். அதை விட்டுவிடாதீர்கள்.


தேக்காப் பொண்ணு:

நான் இதற்கு நேர் எதிராகச் சொல்வேன், மேட்டுத்தெரு அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. பழைய மலாய்ப் படம் ஆர்க்கைவ் கையில் பத்திரமாக இருக்கிறது, இன்றைக்கு விட்டால் இன்னொரு நாள் போடுவார்கள். கேத்தே கெரிஸ் ஸ்டூடியோவின் மலாய்ப் படத் தொகுப்பு மட்டும் 91 படம், 2014-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டிலேயே சேர்த்துவிட்டார்கள். ஆனால் ஒரு இயக்குநர் நேரில் நின்று "இதை ஏன் இப்படி எடுத்தேன்" என்று சொல்லும் அந்த அரை மணி நேரத்தை எந்தப் பெட்டியில் போட்டு வைப்பது? எல். கிருஷ்ணன் சென்னையில் பிறந்து இங்கே வந்து படம் எடுத்தவர், நீண்ட ஆயுள் வாழ்ந்து சில வருடம் முன்னால்தான் மறைந்தார். நம்மில் எத்தனை பேர் அவரிடம் போய் ஒரு கேள்வி கேட்டோம்? அதனால் ஞாயிறு.

ஆங்கிலம் பற்றிய உங்கள் பயம் நியாயமானது, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் வேறொரு இடத்தில் ஒரு தமிழ்ப் படம் போட்டார்கள், என் பெரியம்மாவைக் கூட்டிப் போயிருந்தேன். படம் தமிழ், எடுத்தவர் தமிழ், கூட்டத்தில் பாதி தமிழ். பெரியம்மா மைக்கை வாங்கித் தமிழில் பேச ஆரம்பித்தார், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நடத்துனர் "நேரம் இல்லை, சுருக்கமாக ஆங்கிலத்தில் சொல்ல முடியுமா" என்று கேட்டுவிட்டார். பெரியம்மா மைக்கை அப்படியே திருப்பிக் கொடுத்தார். வரும் வழியில் பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. நான் அன்றைக்கு எழுந்து "நான் மொழிபெயர்க்கிறேன், அவர் பேசட்டும்" என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அது இன்னும் எனக்குள் இருக்கிறது.

அதிலிருந்து நான் செய்வது இதுதான். வயதானவர்களைக் கூட்டிப் போகும்போது இரண்டு நாள் முன்னாலேயே ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுவேன்: எங்கள் வீட்டுப் பெரியவர் வருகிறார், தமிழில் கேட்பார், நான் பக்கத்தில் இருந்து ஆங்கிலத்தில் சொல்கிறேன் என்று. முன்கூட்டிச் சொல்லிவிட்டால் நன்றாகவே நடத்துகிறார்கள், இதுவரை யாரும் முடியாது என்று சொன்னதில்லை. நம் ஊரில் தமிழ் ஆட்சிமொழி, அதில் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.


ஈசூன்வாசி:

நன்றி அண்ணே, நன்றி அக்கா. பெரியம்மா விஷயம் படித்து மனது கஷ்டமாகிவிட்டது. மின்னஞ்சல் இன்றைக்கே போடுகிறேன். அப்பாவிடம் இரண்டையும் சொன்னேன், அவர் கேட்டது: "பழைய படமென்றால் கிழிசல் கோடெல்லாம் இருக்குமா, துடைத்துவிட்டுப் போடுவார்களா?" இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம், பழைய தமிழ்ப் படங்களை ஏன் இப்படிப் போடுவதில்லை என்றும் கேட்டார்.


ரீல்பெட்டி:

இது நான் பதில் சொல்ல வேண்டிய இடம். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் இங்கே தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தேன். உங்கள் அப்பா வயதுதான் எனக்கும் கிட்டத்தட்ட, என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அப்போதெல்லாம் படம் பெட்டியில் வரும். 2,000 அடி ரீல் ஒன்று இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும், நம் படம் என்றால் எட்டு ஒன்பது ரீலாவது இருக்கும். இரண்டு மிஷின். ஒன்றில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த ரீலை மற்றதில் மாட்டி வைத்துவிட்டு, திரையின் வலது மேல் மூலையையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அங்கே ஒரு வட்டப் புள்ளி மின்னும், மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு விநாடி கழித்து இரண்டாவது புள்ளி, மாற்ற வேண்டும். கீழே உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றுமே தெரியக் கூடாது. உங்கள் அப்பாவிடம் அந்தப் புள்ளியைப் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள், நிச்சயம் பார்த்திருப்பார், என்னவென்று தெரியாமல்.

அந்தக் கோடுகள் எப்படி வருகின்றன? பிரதி ஓட ஓட மிஷினில் உரசும், தூசி சிக்கும், அறுந்தால் ஆபரேட்டர் இரண்டு ஃபிரேமை வெட்டிவிட்டு ஒட்டுவார். பத்து ஊர் சுற்றி வந்த பிரதியில் பாட்டுக்கு நடுவே ஒரு வரியே குதிக்கும். இதைத் துடைத்துவிட்டுப் போடுவது என்பது துணியால் துடைக்கிற வேலையில்லை. நெகட்டிவோ நல்ல பிரதியோ எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து, ஒவ்வொரு ஃபிரேமாக ஸ்கேன் செய்ய வேண்டும். விநாடிக்கு 24 ஃபிரேம், இரண்டு மணி நேரப் படத்துக்குக் கணக்குப் போட்டால் 1,72,800 வருகிறது. அப்புறம் கோடு, அழுக்கு, ஆட்டம், வெளிறல், ஒலியில் இரைச்சல், எல்லாவற்றையும் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டும். அதிலும் ஒரு நிதானம் வேண்டும், மிதமிஞ்சித் துடைத்தால் முகமெல்லாம் மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிடும், பட்டுச்சேலையின் ஜரிகை போய்விடும். நன்றாகச் செய்த வேலையில் லேசான மணல்மணலான அசைவு திரையில் இருந்துகொண்டே இருக்கும், அதுதான் ஃபிலிம். அப்பா அதைப் பார்த்தால் பழுது என்று நினைத்துவிட வேண்டாம்.

தமிழ்ப் படம் ஏன் குறைவு என்றால், பெரும்பாலும் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாததால்தான். 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்', ஒரு பிரதிகூட நம்மிடம் இல்லை. பழைய ஃபிலிம் நைட்ரேட், பற்றிக்கொள்ளும். பின்னால் வந்த அசிடேட்டைச் சூடும் ஈரமும் தின்னும், பெட்டியைத் திறந்தால் வினிகர் வாசம் முகத்தில் அடிக்கும், அந்த வாசம் வந்துவிட்டால் சுருங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நம் பக்கத்துப் பருவநிலையில் ஏர்கான் இல்லாத கிடங்கில் வைத்தால் கேட்கவே வேண்டாம். போதாததற்கு வெள்ளி எடுப்பதற்காகப் பிரதிகளைக் கிலோக் கணக்கில் விற்றார்கள். புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் 1964-ல்தான் வந்தது, அதற்குள் போனது போனதுதான். பி. கே. நாயர் அங்கே ஊர் ஊராக அலைந்து சேர்த்தவையால்தான் இந்த அளவாவது இருக்கிறது. தப்பிய படங்களிலும் நெகட்டிவ் உரிமை ஒருவரிடம், டிவி உரிமை இன்னொருவரிடம், லேப் வாடகை கட்டாமல் பெட்டி வேறொரு இடத்தில். இங்கே திரையிட நினைப்பவர் யாரிடம் போய்க் கேட்பது?

நம் ஊரிலும் இந்த நஷ்டம் உண்டு. 1957-ல் பி. என். ராவ் எடுத்த 'பொந்தியானாக்' அந்தக் காலத்தில் ஊரையே கலக்கியது, மரியா மெனாடோ நடித்தது. இன்றைக்கு அதைப் பார்க்க வழியில்லை.

சனியா ஞாயிறா என்று கேட்டால், அண்ணன் சொன்னதும் சரி, தங்கச்சி சொன்னதும் சரி. நான் என்றால் ஞாயிறு போவேன். திரையில் வருவதை நாற்பது வருடம் பார்த்துவிட்டேன், அதை எடுத்தவர் வாயால் கேட்டது ரொம்பக் குறைவு.


வாம்போவிலிருந்து:

சின்னப் படங்கள் எடுப்பவள் நான், இரண்டு தடவை அந்த மாதிரி மேடையில் நின்றிருக்கிறேன். மேடையிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்லலாம் என்று வந்தேன்.

வழக்கமாகப் படம் முடிந்ததும் இரண்டு நாற்காலி போடுவார்கள், நடத்துனர் முதலில் இரண்டு மூன்று கேள்வி கேட்பார், பிறகு மைக் கூட்டத்துக்கு வரும். முதல் கேள்வி எப்போதும் சினிமா படிக்கும் மாணவரிடமிருந்து, என்ன கேமரா, எவ்வளவு பட்ஜெட், எந்த இயக்குநரின் பாதிப்பு என்று. நல்ல கேள்விகள்தான், பதில் சொல்வோம். ஆனால் தமிழில் படம் எடுத்துவிட்டு அதைப் பற்றி முழுக்க முழுக்க ஆங்கிலத்தில் விளக்கும்போது ஏதோ ஒன்று கையிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும். என் படத்தில் ஒரு மகள் அப்பாவை "நீங்கள்" என்பதிலிருந்து "நீ"க்கு மாறுகிற இடம் ஒன்று உண்டு. ஆங்கில சப்டைட்டிலில் அது இல்லவே இல்லை, இருக்கவும் முடியாது. ஒரு தடவை கூட்டத்தில் ஒரு பாட்டி எழுந்து, "அந்தப் பிள்ளை அப்பனை நீ என்று சொன்னதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது, ஏன் அங்கே வைத்தாய்?" என்று தமிழில் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் மூன்று வருடம் அந்தப் படத்தோடு கிடந்தேன் என்று அப்போது தோன்றியது. பதில் சொல்லும்போது எனக்குக் குரல் நின்றுவிட்டது.

நம் ஊர் இயக்குநர் எரிக் கூவின் 'மை மேஜிக்' 2008-ல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் போட்டிப் பிரிவுக்குப் போனது, பெரும்பாலும் தமிழில் பேசும் படம். கே. ராஜகோபாலின் 'எ யெல்லோ பேர்ட்' 2016-ல் அதே கானில் விமர்சகர் வாரத்தில் வந்தது. வெளிநாட்டில் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்று செய்தி வரும்போது நாம் பெருமைப்படுகிறோம், நல்லது. ஆனால் தேக்காவிலும் ஈசூனிலும் இருக்கிற ஒரு அப்பா அந்தப் படங்களைப் பார்த்தாரா, பார்த்து என்ன நினைத்தார் என்பது எங்களுக்குத் தெரிவதேயில்லை. ராஜகோபால் அதற்கு இருபது வருடம் முன்பே, 1995, 96, 97 என்று மூன்று வருடம் தொடர்ந்து சிங்கப்பூர்த் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கு நடுவர் சிறப்புப் பரிசு வாங்கியவர். அந்தக் குறும்படங்களைப் பார்த்த தமிழர்கள் எத்தனை பேர்?

ஆகவே ஈசூன்வாசி, ஞாயிறு கூட்டி வாருங்கள். அப்பாவிடம் கேள்வி கேட்டே ஆக வேண்டும் என்று சொல்லாதீர்கள். கூட்டத்தில் பேச விருப்பமில்லை என்றால் வெளியே வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். இயக்குநர் எப்படியும் அந்த வழியாகத்தான் வருவார், நிஜமான பேச்சு அங்கேதான் நடக்கும்.

இன்னொரு விஷயம், அதே கட்டடத்தில்தான் வாய்மொழி வரலாற்று நிலையம் இருக்கிறது, 1979-லிருந்து ஊர் மக்களின் நினைவுகளைப் பேட்டி எடுத்துச் சேர்க்கிறார்கள், தமிழிலும் இருக்கிறது, பலவற்றை வீட்டிலிருந்தே இணையத்தில் கேட்கலாம். ஜாலான் அம்பாஸ் கேட் வாசலில் நின்ற பையனுக்கு அதில் கேட்க நிறைய இருக்கும்.


மேட்டுத்தெரு:

சரி, நான் தோற்றேன், ஞாயிறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். வயது வரம்பு மட்டும் பார்த்துவிடுங்கள், குழந்தைகளையும் கூட்டிப் போவதாக இருந்தால் என்சி16, அதாவது 16 வயதுக்குக் கீழ் அனுமதியில்லை, என்று போட்டிருந்தால் உள்ளே விடமாட்டார்கள்.


ஈசூன்வாசி:

போய்வந்தோம். இரண்டு வாரம் ஆகிவிட்டது, இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன்.

டாக்சியில்தான் போனோம். அப்பா சட்டையை இஸ்திரி போட்டு, அம்மா வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். மின்னஞ்சலுக்கு முதல் நாளே பதில் வந்திருந்தது, வாசலில் ஒரு பெண் எங்களை அடையாளம் கண்டு ஓரத்து இருக்கைக்குக் கூட்டிப் போனார்.

நான்கு குறும்படங்கள். மூன்றாவதில், எல்லா வீடுகளையும் மொத்தமாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டில் காலியாகிக்கொண்டிருக்கிற ஒரு பழைய அடுக்குமாடி புளோக், ஒரு வயதானவர் கடைசியாக வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறார். அவர் கதவைச் சாத்தும்போது சத்தம் வரவில்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை. கேள்வி நேரத்தில் ஐந்தாவது ஆளாக அப்பா கையைத் தூக்கினார், நான் எதிர்பார்க்கவில்லை. மைக்கைக் கையில் வாங்கி, முதலில் தன் பேரைச் சொல்லி, தமிழில் கேட்டார்: "தம்பி, மற்ற எல்லாச் சத்தமும் கேட்கிறது, மின்விசிறிகூடக் கேட்கிறது. அந்தக் கதவு மட்டும் ஏன் சத்தம் போடவில்லை? நான் வீட்டைக் காலிசெய்தபோது அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது."

நான் ஆங்கிலத்தில் சொல்ல எழுந்தேன். இயக்குநர் ஒரு நிமிடம் என்று கையைக் காட்டிவிட்டு, முதலில் தமிழிலேயே பதில் சொன்னார், அப்புறம் அவரே ஆங்கிலத்தில் மற்றவர்களுக்குச் சொன்னார். படப்பிடிப்பு அன்று பக்கத்து வீட்டில் இன்னும் ஒரு குடும்பம் இருந்ததாம், அந்த வீட்டுக்காரர் இராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். அதனால் கதவை மெதுவாகத்தான் சாத்த முடிந்தது, சத்தத்தை ஸ்டூடியோவில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். சேர்த்தும் பார்த்தார்களாம், ஏழெட்டு விதமான கதவு. எதைப் போட்டாலும் அந்த வீட்டுக் கதவாக இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். "உங்களுக்குக் கேட்ட சத்தம் எனக்குக் கிடைக்கவில்லை ஐயா" என்றார்.

அரங்கம் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அப்பா "சரி தம்பி, அதுதான் சரி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வாம்போ அக்கா சொன்ன மாதிரி வாசலில் நின்றோம். இயக்குநர் அப்பாவோடு இருபது நிமிடம் பேசினார், பெரும்பாலும் பாலஸ்டியரைப் பற்றி, எந்தத் தெருமுனையில் எந்தக் கடை இருந்தது என்று. டாக்சியில் வரும்போது அப்பா எனக்கு அந்த வலது மூலைப் புள்ளியைப் பற்றி விளக்கினார், ரீல்பெட்டி ஐயா எழுதியதை நான் முன்பே அவருக்குப் படித்துக் காட்டியிருந்தேன், ஆனாலும் தானே கண்டுபிடித்த மாதிரி சொல்லிக்கொண்டு வந்தார்.

இப்போது அவருக்கு அந்த மலாய்ப் படத்தையும் பார்க்க வேண்டுமாம், காப்பிக்கடையில் தன்னோடு உட்காருகிற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு. அவர்களில் ஒருவர் மலாய்க்காரர், அவரும் ஜாலான் அம்பாஸ் பக்கம் வளர்ந்தவர். அடுத்த திரையிடல் எப்போது வருகிறது என்று யாருக்காவது தெரிந்தால் இங்கே போடுங்கள், நான்கு டிக்கெட் எடுக்க வேண்டும்.